கிரிபென்சிஸ் மீன்: சோடி சேர்த்தலும் குஞ்சு வளர்த்தலும்

வீட்டில் அலங்கார மீன் வளர்ப்போர் கப்பி, மொலி போன்ற குட்டி ஈனும் மீன்களுடன் தொடங்குவது வழக்கம். அவற்றில் கைதேர்ந்தவர்கள் அடுத்து முயலத்தக்கது கிரிபென்சிஸ். நம் குளங்களுக்கு 1952இல் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவின் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய மீன் இது. தாயகம் நைஜீரியா, கமரூன். வாங்குவோர் பெரும்பாலும் சோடியாகவே கேட்பர். ஆகவே ஆண், பெண் அறிவதே முதற் பாடம்.

இனங்காணல்

நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. உடலமைப்பைப் பார்ப்போம். ஆண் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் வளரும், உடல் நீண்டது, முதுகுச் செட்டையும் குதச் செட்டையும் கூர்மையாக முடியும். பெண் 7 சென்ரிமீற்றர் அளவில் நின்றுவிடும்; உடல் உருண்டது; செட்டை முனைகள் வளைந்திருக்கும். முட்டையிடும் காலத்தில் பெண்ணின் வயிறு செர்ரிப் பழம்போற் சிவக்கும். ஐந்தாறு குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, அவை தாமாகச் சோடி சேர விடுவதே நன்று.

முட்டையும் குஞ்சும்

60 சென்ரிமீற்றர் நீளமான தொட்டி ஒரு சோடிக்குப் போதும். வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியஸ் இருக்கட்டும். ஒரு சிரட்டையின் விளிம்பிற் சிறு வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். அதன் உட்கூரையிற் பெண் முட்டைகளை ஒட்டிவைத்துக் காக்கும். ஆண் வெளியே காவல் நிற்கும். ஏறத்தாழ மூன்று நாளில் முட்டை பொரிக்கும். மேலும் நான்கைந்து நாளிற் குஞ்சுகள் நீந்தும். அப்போது புதிதாகப் பொரித்த ஆட்டீமியாவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க வேண்டும். பெற்றோர் குஞ்சுகளைப் பல நாள் காத்து நடத்துவதால் உடனே பிரிக்கத் தேவையில்லை.

நீரைக் கவனிப்போம்

இம்மீனில் குஞ்சுகளின் பாலை நீரின் தன்மையும் பாதிக்கிறது. முதற் சில வாரங்களில் நீர் அமிலமாக இருந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். நடுநிலையாக, அதாவது பி.எச். 7 அளவில் இருந்தால் பெண் குஞ்சுகள் கூடும். எல்லாம் ஒரே பாலானால் சோடி கிடையாது. உழைப்பின் பயனும் குறையும். நீர் மாற்றாத தொட்டியிற் கழிவு சேர்ந்து நாளடைவில் அமிலம் ஏறும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீரில் இவ்வாபத்துக் குறைவு. மென்னீர் உள்ள இடங்களிற் கூடுதல் கவனம் வேண்டும். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றி, சோதனைத் தாளாற் பரீட்சித்து வருவோம்.

ஆண் குஞ்சுகளே மிகுந்தால் தாய்மீனைக் குறைகூறி மாற்றிவிட வேண்டாம். முதலில் நீரைச் சோதிப்போம்.