செம்மரம் அணு உலைக்குப் போகவில்லை

சேஷாசல மலைச் செம்மரத்தை அணு உலையில் கதிர்வீச்சைத் தடுக்கத்தான் சீனாக்காரனும் ஜப்பான்காரனும் வாங்குகிறான் என்ற கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சித்தூர் பேருந்து நிலையத்தில் கேட்கிறேன், திருப்பதி ரயிலில் கேட்கிறேன், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்லக் கேட்கிறேன். 2021 டிசம்பரில் செம்மரக் கடத்தலைச் சொல்லும் ‘புஷ்பா’ படம் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. டீக்கடைப் பேச்சென்றால் போகட்டும் என்று விடலாம். அறிவியல் பட்டம் வாங்கியவர்கள், வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறவர்கள், காணொளியில் ஊருக்கே பேசுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். எந்த நாட்டு உலையில், உலையின் எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

எந்த உலையிலும் வைப்பதில்லை. கதை முழுப் பொய்.

அணு உலையிலிருந்து வெளியே கசியாமல் தடுக்க வேண்டியவை முக்கியமாக இரண்டு: காமா கதிர், நியூட்ரான். காமா கதிரைத் தடுப்பது கனம். குறுக்கே நிற்கும் பொருள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு தடுக்கும். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11 கிராமுக்கு மேல் எடை. கான்கிரீட் ஏறக்குறைய 2.3 கிராம். நன்றாக வைரம் பாய்ந்த செம்மரம் 1.1 கிராம் அளவில் நிற்கும். தண்ணீரைவிடச் சற்றே கனம், அவ்வளவுதான். ஒரு சாண் ஈயம் செய்கிற வேலைக்குப் பத்துச் சாண் செம்மரம் வேண்டும்.

நியூட்ரானின் வேகத்தைக் குறைக்க ஹைட்ரஜன் உதவும், மரத்தில் ஹைட்ரஜன் இருக்கிறது என்று சிலர் வாதாடுவார்கள். இருக்கிறது. செம்மரத்தில் இருக்கிற அளவு மாங்கட்டையிலும் இருக்கிறது, வேப்பங்கட்டையிலும் இருக்கிறது. எல்லா மரமும் பெரும்பாலும் செல்லுலோஸும் லிக்னினும்தான். கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன். செம்மரத்தைச் சிவக்க வைக்கிற சாண்டலின் என்ற சாயமும் அதே மூன்று தனிமங்களால் ஆனதே. நியூட்ரானை விழுங்குகிற போரானோ காட்மியமோ அதில் குவிந்து கிடக்கவில்லை. தண்ணீரும் கான்கிரீட்டும் மலிவாகச் செய்து முடிக்கிற வேலைக்கு, தீப்பிடிக்கிற ஒரு கட்டையைத் தங்க விலை கொடுத்து எந்தப் பொறியாளர் வாங்குவார்?

சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1984 முதல் அணுமின் நிலையம் ஓடுகிறது. கூடங்குளமும் இருக்கிறது. செம்மரம் இயற்கையாக வளர்கிற காடு உலகத்திலேயே நம் நாட்டில்தான். பறிமுதல் செய்த கட்டைகள் ஆந்திர அரசின் கிடங்குகளில் டன் கணக்கில் அடுக்கிக் கிடக்கின்றன. கதிர்வீச்சைத் தடுக்கிற குணம் அதற்கு இருந்தால் முதல் லாரி கல்பாக்கத்துக்கு அல்லவா போயிருக்க வேண்டும்? அரசு ஏன் ஏலம் போட்டு விற்கிறது?

அந்த ஏலத்திலேயே பதில் இருக்கிறது. கட்டைகளை ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள். அலையலையாக வரி ஓடிய கட்டைக்குத்தான் உச்ச விலை. வெடிப்பு விட்டிருந்தால், நடுவில் பொந்து இருந்தால் தரம் இறங்கும். நியூட்ரானுக்கு வரி அழகு தெரியுமா? அலை வரிக்காகக் கூடுதல் காசு கொடுக்கிறவன் தச்சனிடம் கொண்டுபோகிறான். இந்த ஒரு விஷயத்தை யோசித்தாலே கதை அந்த இடத்தில் விழுந்துவிடும்.

பிறகு எங்கேதான் போகிறது? பெரும்பகுதி சீனாவுக்குப் போய் நாற்காலியும் அலமாரியும் கட்டிலும் ஆகிறது. சீனர்களுக்கு இந்த மரச் சாமான் நேற்று வந்த மோகம் அல்ல. சிங் வம்சத்துச் சக்கரவர்த்தி சியான்லாங் காலத்திலேயே, அதாவது 18ஆம் நூற்றாண்டில், பீஜிங் அரண்மனை அறைகளை இந்தச் செந்நிறக் கட்டையால் இழைத்தார்கள். இந்த மர வேலைப்பாட்டுக்கென்றே பீஜிங்கில் 1999இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஜப்பானில் ஷாமிசென் என்று மூன்று நரம்பு வாத்தியம் ஒன்று உண்டு. உயர்ந்த ரக ஷாமிசெனின் கழுத்துப்பகுதியைச் செம்மரத்தில்தான் கடைவார்கள். கனம், இறுக்கம், நாதம் மூன்றும் அதில் வாய்க்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து இதைச் சாயமரமாக ஐரோப்பாவுக்கு ஏற்றிப் போயின. உலகின் முதல் அணு உலை சிகாகோவில் உயிர்பெற்றது 1942 டிசம்பர் 2ஆம் தேதி. அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மரத்துக்குக் கடல் கடந்த சந்தை இருந்தது.

நான் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவன். இந்தப் பேச்சு வகுப்பில் எழும்போதெல்லாம் வாதம் செய்வதை விட்டு இரண்டு கண்ணாடிக் குவளைகளை மேசைமேல் வைப்பேன். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் ஸ்பிரிட். நாட்டு மருந்துக் கடையில் செஞ்சந்தனம் என்ற பெயரில் வாங்கிய செம்மரச் சிராயை இரண்டிலும் ஒரு சிட்டிகை போடுவேன். தண்ணீரில் விழுந்தது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், தண்ணீர் அதிகம் நிறம் மாறாது. ஸ்பிரிட்டில் விழுந்த சிராயிலிருந்து ரத்தச் சிவப்பு இழை இழையாகக் கீழே இறங்கும். பாடவேளை முடிவதற்குள் குவளை முழுக்கச் சிவந்துவிடும். சாண்டலின் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். மரத்திடம் உண்மையாகவே இருக்கிற அதிசயம் கண்ணெதிரே இருக்கும்போது இல்லாத அதிசயத்தை ஏன் கட்டிவிட வேண்டும்?

மரத்தையும் ஒருமுறை சரியாகப் பாருங்கள். திருமலைக்குக் காரில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் நிற்கிற காட்டைக் காய்ந்த காடு என்று சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்க்கிறார்கள். அந்தக் காய்ந்த காட்டில்தான், படிகப் பாறை இடுக்கில், மண் என்று சொல்ல முடியாத மண்ணில் செம்மரம் நிற்கிறது. முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்த கரும்பட்டை. ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று இலை. கோடையில் மஞ்சள் பூ. பிறகு வட்டமான காய், சுற்றிலும் மெல்லிய சிறகு, நடுவில் விதை. பட்டையில் கத்தி பட்டால் சிவப்புப் பால் வடியும். கடப்பா, அன்னமய்யா, திருப்பதி, நெல்லூர் மாவட்டங்களின் மலைகளிலும், அவற்றை ஒட்டிய சில இடங்களிலும் தவிர இயற்கையாக இது வேறெங்கும் வளராது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இருக்கிறது. சேஷாசல மலைத்தொடர் 2010இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. இத்தனைக்குப் பிறகும் வெட்டு நிற்கவில்லை.

ஒரு வதந்திக்கு இத்தனை கோபம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2015 ஏப்ரல் 7ஆம் தேதியை நினைவூட்டுகிறேன். அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து, திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஊர்களிலிருந்து போன கூலிக்காரர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்துவைத்துக் கொன்றார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். ஜவ்வாது மலையில் விவசாயம் பொய்த்த குடும்பத்து இளைஞனிடம் தரகர் வந்து பேசும்போது இந்த அணு உலைக் கதை தரகருக்குத்தான் கை கொடுக்கிறது. ராணுவ ரகசியம் போல ஏதோ பெரிய காரியத்துக்குப் போகிற மரம், அதனால்தான் இந்தக் காசு என்று அவன் நம்புகிறான். பணக்காரன் வீட்டுக் கட்டிலுக்காகத் தன் உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. அதை நீங்கள் சொல்லுங்கள். கதையை வாய்க்கு வாய் கடத்துகிற ஒவ்வொருவரும் தரகரின் வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள்.

இதே மரத்தைச் சுற்றி இன்னொரு பேச்சும் ஓடுகிறது: ஓர் ஏக்கரில் செம்மரக் கன்று நட்டால் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டில் கோடீஸ்வரர். நாற்றுப் பண்ணைக்காரர்கள் பரப்பியது. விலை வெளி வெள்ளைக் கட்டைக்கு இல்லை, உள்ளே இருக்கிற வைரத்துக்குத்தான். அது ஏறப் பல பத்தாண்டு ஆகும். சொட்டுநீர் விட்டு உரம் போட்டுக் கொழுக்க வளர்த்த மரத்தில் சுற்றளவு வரும், வைரம் அந்த வேகத்தில் வராது. வெட்டவும் எடுத்துச் செல்லவும் வனத்துறை அனுமதி வேறு வேண்டும். பேரனுக்காக நடுங்கள், கடன் வாங்கி நடாதீர்கள்.

செம்மரக் குவளையில் தண்ணீர் வைத்துக் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்பார்கள். அவர்கள் நினைப்பது வேங்கையை. இரண்டும் ஒரே பேரினம், மரம் வேறு. வேங்கைக் குவளைத் தண்ணீர் காபி நிறம் ஆகும், செம்மரத்தில் ஆகாது. எந்தக் குவளையை நம்பியும் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சேஷாசலப் பாறைகளில் இருக்கிற தங்கப் பல்லிக்கு விஷம் உண்டு என்பதும் பொய். நம் நாட்டில் எந்தப் பல்லிக்கும் விஷம் கிடையாது. பெடோம் என்ற ஆங்கிலேய அதிகாரி 1870இல் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்த உயிர் அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லி தங்க மஞ்சளாக மின்னும். பெண் பல்லி பாறை நிழலில் முட்டைகளை ஒட்டிவைக்கும். கல்லெறியாமல் விட்டால் போதும். தேவாங்கை வைத்து மாந்திரீகம் செய்யலாம் என்பதைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை. அது ஒரு வாயில்லாப் பிராணிக்குச் செய்யும் சித்திரவதை, சட்டப்படிக் குற்றம்.

2023 ஆகஸ்டில் திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்ற பிறகு, வனத்துறையே வெளியூர்ச் சிறுத்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டது என்றார்கள். சிறுத்தை அந்த மலையின் சொந்தப் பிராணி. பாதையோரம் நாம் வீசுகிற சோறும் பிஸ்கட்டும் நாயையும் பன்றியையும் வரவழைக்கின்றன, அவற்றின் பின்னால் சிறுத்தை வருகிறது. குழந்தையைக் கைப்பிடித்து, கூட்டத்தோடு, வெளிச்சம் இருக்கும்போதே ஏறுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் காட்டில் வீசாதீர்கள்.

இத்தனை கட்டுக்கதைக்கும் வேர் ஒன்றுதான்: இந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஊர்க் காடு தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் தாவரக் குடும்பப் பண்புகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறான், ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மரத்தின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. பள்ளி வளாகத்தில் குல்மோகர், சாலை நடுவில் கோனோகார்பஸ். இந்த மலைத்தொடருக்கே உரிய மரங்கள் எத்தனை இருக்கின்றன! தெலுங்கில் தம்பஜாலாரி என்கிற குங்கிலிய வகை, வெள்ளைக் கடுக்காய், மொகி என்கிற மலை நாவல். பெடோம் பெயரையே தாங்கிய ஈந்து வகை ஒன்று திருப்பதி, கடப்பா மலைகளை விட்டால் எங்கும் கிடையாது. வீரியம் தரும் என்ற நம்பிக்கையில் அதன் ஆண் கூம்புகளையும் ஒடித்துப் போகிறார்கள். சித்தூர், திருப்பதி மாவட்டப் பள்ளிகளிலும், எல்லைக்கு இந்தப் பக்கம் திருத்தணி, வேலூர்ப் பள்ளிகளிலும் பத்து உள்ளூர் மரமாவது பெயர்ப் பலகையோடு நிற்க வேண்டும். இதை நான் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். திருப்பதி தேவஸ்தானமும் நகராட்சியும் நடும் மரங்களிலும் முதல் இடம் இவற்றுக்குத்தான் வேண்டும்.

செம்மரத்திலிருந்தே தொடங்கலாம். காய் பொறுக்கக் காட்டுக்குள் போகாதீர்கள், அது குற்றம். தோட்டங்களிலும் கல்லூரி வளாகங்களிலும் வளர்த்த மரங்கள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். சிறகை நறுக்கிவிட்டுச் சாணிக் கரைசலில் மூன்று நாள் ஊறப்போட்டு, மணல் கலந்த பாத்தியில் மேலாகப் பதியுங்கள். நிறைய காய் முளைக்காமல் போகும், அதனால் தாராளமாகப் போடுங்கள். முளைத்து வந்த கன்றின் அடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.