கடைக்குக் கடை கரண்ட் கணக்கு



கடை வாடகை, ஆள் சம்பளம், வட்டி ஆகிய மூன்றுக்கும் நாம் பேரேட்டில் தனிப் பக்கம் ஒதுக்கிக் கணக்கு வைக்கிறோம். மின்சாரச் செலவுக்கு மட்டும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. பில் வருகிறது, கட்டுகிறோம். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் பக்கத்துக் கடைக்காரரிடம் "உங்களுக்கு எவ்வளவு வந்தது?" என்று விசாரிக்கிறோம். அவர் நம்மைவிட அதிகம் கட்டினார் என்றால் மனம் ஆறிவிடுகிறது. குறைவாகக் கட்டினார் என்றால் மீட்டரில் கோளாறு என்று முடிவு செய்துவிடுகிறோம். இந்த விசாரிப்பால் யாருக்கும் ஒரு பைசா மிச்சமானதில்லை.

அரிசிக் கொள்முதலில் நாம் இப்படி நடப்பதில்லை. ஒருவர் 25 கிலோ சிப்பத்துக்கு விலை சொல்கிறார். இன்னொருவர் 75 கிலோ மூட்டைக்கு விலை சொல்கிறார். இரண்டையும் கிலோவுக்கு இவ்வளவு என்று கொண்டுவந்து, ரகத்தையும் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று பேசுகிறோம். கரண்ட் பில்லுக்கும் அப்படி ஒரு 'கிலோ' உண்டு. ஒரு சதுர அடிக்கு எத்தனை யூனிட் என்பதே அது. இதைக் கணக்கிட எஞ்சினியர் தேவையில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

இதில் நமக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ஒரு கடையில் எல்லாச் செலவும் போக நூற்றுக்கு நாலு ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்தக் கடைக்காரர் மின்சாரத்தில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தால், அது 25,000 ரூபாய்க்குச் சரக்கு விற்றுக் கிடைக்கும் லாபத்துக்குச் சமம். பெரிய பெரிய ஷோரூம்களோடு போட்டி போட வேண்டிய இந்தக் காலத்தில் சிறு கடைகளுக்கு இது அற்பத் தொகை அல்ல.

ரூபாயை ஒப்பிடக் கூடாது

பில் தொகையை வைத்து ஒப்பிடுவதில் முதல் சிக்கல், கட்டணமே மாறிக்கொண்டிருப்பது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தது. வணிக இணைப்புகளுக்கு 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளின் ஜூலை மாதத்திலும் மாற்றம் வந்தது. ஆகவே, மூன்று வருடத்துக்கு முன் கட்டிய பணத்தையும் இன்று கட்டும் பணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கூடியது கட்டணமா, நம் உபயோகமா என்று புரியாது.

இரண்டாவது சிக்கல் நிலைக் கட்டணம். நாம் கேட்டு வாங்கிய கிலோவாட் சுமைக்கு ஏற்ப இது வசூலிக்கப்படுகிறது. ஒரு யூனிட்கூட ஓடாவிட்டாலும் இதைக் கட்டித்தான் ஆக வேண்டும். எனவே ஒப்பீட்டுக்கு யூனிட்டை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். ரூபாய்க் கணக்கைக் கடைசியில் போட்டுக் கொள்ளலாம்.

முதல் வேலை: சரியாக அளப்பது

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கீழ்க்கண்ட விவரங்கள் அதில் இருக்க வேண்டும்.

1. மொத்த யூனிட். கீழ்த்தளத்துக்கு ஒரு இணைப்பு, மாடிக்கு ஒரு இணைப்பு என்று இருந்தால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். சி.டி. வைத்த பெரிய இணைப்பு என்றால் மீட்டரில் தெரியும் எண்ணை அதற்குரிய பெருக்குத் தொகையால் பெருக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடியிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும், ஏனெனில் அது இ.பி. மீட்டரில் ஏறாது. சிறிய ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 யூனிட் என்று வைத்துக் கொள்ளலாம். கூரையில் சோலார் இருந்தால் அதிலிருந்து கடைக்குள் செலவான யூனிட்டும் கணக்கில் வர வேண்டும்.

2. பரப்பளவு. வாடகைப் பத்திரத்தில் உள்ள அளவை அப்படியே எழுதாமல் டேப் பிடித்து அளந்து விடுங்கள். விற்பனை நடக்கும் இடம் எவ்வளவு, குடோன் எவ்வளவு, ஏ.சி. உள்ள இடம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள்.

3. கடை திறந்திருந்த நாட்களும் நேரமும்.

4. மாதம். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். சித்திரை வெயிலில் ஓடிய ஏ.சி.யை மார்கழியோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். சென்ற ஆண்டின் அதே இரண்டு மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். முகூர்த்த மாதத்தையும் ஆடி மாதத்தையும் சேர்த்துக் குழப்பவும் கூடாது.

வழக்கத்துக்கு மாறான காலத்தை அளவுகோலாக வைப்பதும் கூடாது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் அத்தி வரதர் தரிசனம் நடந்தபோது நம் ஊர் இருந்த நிலை எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த ஆண்டே கொரோனா ஊரடங்கு. இந்த இரண்டு வருடத்துப் பில்லையும் 'சாதாரண வருடம்' என்று எடுத்துக் கொள்ள முடியாது.

இரண்டாவது வேலை: சரியாக ஒப்பிடுவது

உதாரணத்துக்கு இரண்டு பட்டுக் கடைகளைக் கற்பனையாக எடுத்துக் கொள்வோம். இரண்டு மாதக் கணக்கு இது.

முதல் கடை: 1,200 சதுர அடி. 4,200 யூனிட். தினம் 12 மணி நேரம் வீதம் 60 நாள் திறந்திருந்தது.

இரண்டாம் கடை: 2,500 சதுர அடி. 6,000 யூனிட். தினம் 10 மணி நேரம் வீதம் 52 நாள் திறந்திருந்தது.

வெறும் யூனிட்டைப் பார்த்தால் இரண்டாம் கடை அதிகம் செலவழிக்கிறது.

சதுர அடியால் வகுத்துப் பாருங்கள். முதல் கடைக்கு 3.5 யூனிட், இரண்டாம் கடைக்கு 2.4 யூனிட். இப்போது முதல் கடைதான் ஊதாரி போலத் தெரிகிறது.

முதல் கடை அதிக நேரம் திறந்திருந்ததே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா? அது 720 மணி நேரம், மற்றது 520 மணி நேரம். ஆயிரம் சதுர அடிக்கு, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று பார்த்தால் முதல் கடைக்கு 4.9, இரண்டாம் கடைக்கு 4.6. ஏறக்குறைய சமம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இரண்டாம் கடையின் 2,500 சதுர அடியில் 900 சதுர அடி பின்பக்கத்துக் குடோன். அங்கே ஏ.சி. கிடையாது, ஒரே ஒரு விளக்குதான். அந்தக் குடோனின் சொற்ப யூனிட்டைத் தள்ளிவிட்டு, வியாபாரம் நடக்கும் 1,600 சதுர அடிக்கு மட்டும் கணக்குப் போட்டால் 7.2 யூனிட் வருகிறது. முதல் கடையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு! அந்தக் கடையில் எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது. ஏ.சி.யின் ஃபில்டர் அடைத்திருக்கலாம், கதவு மூடாமலே இருக்கலாம், பழைய பல்புகள் எரிந்து கொண்டிருக்கலாம்.

எண்கள் மாறவில்லை. ஒவ்வொரு படியிலும் தீர்ப்பு மட்டும் மாறியது. பாதிக் கணக்கோடு நின்றவர் இல்லாத குற்றத்தைத் தன் கடை மேல் போட்டிருப்பார், அல்லது இருக்கிற குற்றத்தைப் பார்க்காமல் விட்டிருப்பார்.

ரகம் பார்ப்பதும் முக்கியம். பட்டுக் கடையைப் பட்டுக் கடையோடு ஒப்பிடுங்கள். பால், தயிர், ஐஸ்கிரீம் வைத்து இரவும் பகலும் ஃபிரிட்ஜ் ஓட்டும் மளிகைக் கடையைப் பாத்திரக் கடையோடு ஒப்பிடுவது, பொன்னியையும் பாசுமதியையும் ஒரே விலைக்குக் கேட்பது போலாகும்.

அரசாங்கமும் இந்த வழியில்தான் அளக்கிறது

2001-ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2002-ல் மத்திய அரசு எரிசக்தித் திறன் செயலகத்தை அமைத்தது. ஏ.சி., ஃபிரிட்ஜ் மீது ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டு இவர்களுடையதுதான். 2009-ல் இவர்கள் அலுவலகக் கட்டடங்களுக்கும் நட்சத்திரம் வழங்கத் தொடங்கினார்கள். அளவுகோல், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வருடத்தில் எத்தனை யூனிட் என்பதே.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் பகுதி போன்ற இடங்களில், பாதிக்கு மேல் ஏ.சி. செய்த அலுவலகம் 100 யூனிட்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து நட்சத்திரம் என்றும், 175-லிருந்து 200 வரை ஒரு நட்சத்திரம் என்றும் அப்போது வகுத்தார்கள். ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. ஆகவே 100 யூனிட் என்பது சதுர அடிக்கு வருடத்துக்குச் சுமார் 9.3 யூனிட். இது அலுவலகத்துக்குச் சொன்ன அளவு. அலுவலகத்தைவிட அதிக நேரம் திறந்திருந்து, அதிக வெளிச்சம் வைக்கும் நம் கடைகளுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்த்து யாரும் பதற வேண்டாம். அளக்கும் முறையை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 'எனர்ஜி ஸ்டார்' என்ற அரசுத் திட்டம் கடைக் கட்டடங்களுக்கே 1 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. திறந்திருக்கும் நேரம், வேலையாட்கள் எண்ணிக்கை, தட்பவெப்பம் போன்றவற்றைச் சரிக்கட்டிய பிறகே அங்கும் கடையைக் கடையோடு ஒப்பிடுகிறார்கள். 50 என்றால் நடுத்தரம். நாம் மேலே போட்ட கணக்கும் அதே முறையின் சிறு வடிவம்தான்.

ஷட்டர் இறக்கிய பின் ஒரு ரீடிங்

எல்லாக் கடைக்கும் பொருந்தும் ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். இதற்குச் செலவே இல்லை. இரவு கடை கட்டும்போது மீட்டர் ரீடிங்கை எழுதி வையுங்கள். காலையில் திறந்தவுடன், விளக்குப் போடுவதற்கு முன் மறுபடியும் எழுதுங்கள். வித்தியாசம் என்பது வியாபாரம் நடக்காத நேரத்தில் ஓடிய மின்சாரம்.

இரவுக்கு 6 யூனிட் என்று வந்தால் வருடத்துக்கு 2,190 யூனிட். உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். இதில் கேமராவும் மளிகைக் கடை ஃபிரிட்ஜும் ஓடித்தான் ஆக வேண்டும். ஆனால் விடியும் வரை எரியும் பெயர்ப் பலகை, பழசாகிப்போன பேட்டரியை ஓயாமல் சார்ஜ் செய்துகொண்டிருக்கும் இன்வெர்ட்டர், மெயின் அணைக்காத ஏ.சி., மாடியில் மறந்துவிட்ட ஃபேன் இவையெல்லாம் அவசியமா? பெயர்ப் பலகைக்கு ஒரு டைமர் போட்டால் முடிந்தது.

எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

பட்டுக் கடைகளில் முன்பு புடவை பளிச்சென்று தெரிய 50 வாட் ஹாலஜன் விளக்குகள் போடுவார்கள். சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அப்படி 40 விளக்கு என்றால் 2,000 வாட். 7 வாட் எல்.இ.டி. போட்டால் 280 வாட். 12 மணி நேரத்தில் 20 யூனிட்டுக்கு மேல் மிச்சம். அதோடு முடியவில்லை. அந்த 2,000 வாட்டும் கடைக்குள் சூடாக மாறுகிறது. அதை வெளியேற்ற அரை டன்னுக்கு மேல் ஏ.சி. தனியாக உழைக்க வேண்டும். காசு கொடுத்துச் சூடு வாங்கி, மறுபடி காசு கொடுத்து அதை வெளியே தள்ளுகிறோம்.

ஏ.சி.யை 24 டிகிரியில் வைக்கலாம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மேற்சொன்ன செயலகத்தின் கணக்கு. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடுகிறது. பழையது கெட்டு மாற்றும் சமயத்தில் இதைப் போட்டால் போதும்.

ஆனால், எண்ணைக் குறைக்கிறேன் என்று கடையை இருட்டாக்கி விடாதீர்கள். புடவையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயில் வெளிச்சத்தில் நிறம் பார்க்கும் வழக்கம் நம் ஊரில் இன்றும் உண்டு. அரக்கும் மெரூனும் வேறுபட்டுத் தெரியாத மட்டமான விளக்கைப் போட்டால், மிச்சம் பிடித்த யூனிட்டைவிட இழந்த வியாபாரம் பெரிதாக இருக்கும். எல்.இ.டி. வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல், நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விளக்கை மாற்றுமுன் இரண்டு மூன்று புடவைகளை அதன் கீழே விரித்துப் பார்த்து விடுங்கள்.

உறுப்பினர்களுக்கு ஒரு யோசனை

ஒரு கடைக்காரர் தன் கணக்கைச் சென்ற ஆண்டோடு ஒப்பிடலாம். ஆனால் தன் தொழிலில் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது தனியாளுக்குத் தெரியாது. அதைச் செய்யச் சங்கத்தால் முடியும். ஜவுளி, மளிகை, பாத்திரம், மருந்து என்று தொழில்வாரியாக, கடைப் பெயர் எழுதாமல் ஒரு சீட்டில் நான்கே விவரம் எழுதிக் கொடுத்தால் போதும்: விற்பனைப் பரப்பு, இரண்டு மாத யூனிட், திறந்திருந்த மணி நேரம், ஏ.சி. உண்டா இல்லையா. விற்றுமுதல் கேட்கவில்லை, லாபம் கேட்கவில்லை. ஆகவே யாரும் தயங்க வேண்டியதில்லை. இருபது சீட்டு சேர்ந்தால் நடுத்தர அளவு என்ன என்று தெரிந்துவிடும். அதற்கு மேலே இருப்பவர் தன் கடையில் தேட வேண்டியது இருக்கிறது என்று அறிவார். கீழே இருப்பவர் என்ன செய்கிறார் என்று மற்றவர்கள் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

இன்று இரவு கடை கட்டும்போது அந்த முதல் ரீடிங்கை எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நோட்டையும் எடுத்து வாருங்கள்.