கணினிக்குள் பொன்



பொன் என்றவுடன் அன்னையின் தாலியும் தோடுமே நம் நினைவிற்கு வரும். நம் பள்ளிக் கணினியினுள்ளும் பொன் உண்டு.

மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளியே முதன்மையானது, அடுத்தது செம்பு, பொன் மூன்றாவதே. எனினும், செம்பு களிம்பேறும், வெள்ளி கறுக்கும். நம் மலைப் பனியில் கவாத்துக் கத்தி துருப்பிடிப்பதை நாம் அறிவோம். பொன்னோ அவ்வாறு கெடுவதில்லை. ஆகவே, கணினிப் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முனைகளில் மெல்லிய பொன்முலாம் பூசுகின்றனர்.

சில்லுகளில் தலைமுடியினும் நுண்ணிய பொற்கம்பிகளை இணைப்பதும் உண்டு. 1972இல் பினாங்கு, பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கே உருப்பெருக்கி வழியே நோக்கி இக்கம்பிகளை இணைத்தோர் பெரும்பாலும் இளம்பெண்களே.

பெற்றோர்களே! பொன் கிடைக்குமென எண்ணிப் பழைய கணினி, கைப்பேசிகளை வீட்டில் எரித்தலும் அமிலத்தில் இடுதலும் வேண்டா. ஒரு கைப்பேசியில் உள்ள பொன் ஒரு கிராமில் நூறில் சில பங்கே. தோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக 2017 முதல் 2019 வரை ஜப்பானியர் 78,000 டன்னுக்கும் மேலான பழைய மின்கருவிகளைத் திரட்டினர். கிடைத்த பொன் 32 கிலோ மட்டுமே! எரிக்கும்போது எழும் புகையிலுள்ள ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

பழுதான கருவிகளை உரிமம் பெற்ற சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைப்போம். பொன்னினும் அரியது நம் பிள்ளைகளின் நலமன்றோ!