நிழலுக்கு என்ன நிறம்?

கேள்வி: டேப்லெட்டில் கதாபாத்திரங்கள் வரைகிறேன். கோடுகள் நன்றாக வருகின்றன. ஆனால், நிழல் போட்டதுமே முகம் அழுக்கடைந்ததுபோல் ஆகிவிடுகிறதே, ஏன்?

பதில்: தோல் நிறத்தோடு கறுப்பைக் கலக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். நிழலிலும் வெளிச்சம் உண்டு, அதன் நிறம்தான் வேறு. வெயிலில் நிற்பவரின் ஒரு கன்னத்தில் சூரியனின் மஞ்சள் விழும். மறுபக்கம் வானத்தின் நீலம் படியும். செம்மண் தரை என்றால் தாடைக்கு அடியில் அதன் சாயலும் ஏறும். அதனால் மாநிறத் தோலுக்கு நிழல் போடும்போது, கலர் வீலில் சிவப்பு அல்லது ஊதாப் பக்கம் சற்று நகர்ந்து, பிறகு அடர்த்தியைக் கூட்டுங்கள். மல்டிப்ளை லேயரில் சாம்பலுக்குப் பதில் மங்கிய ஊதாவை வைத்தாலே முகத்துக்கு உயிர் வந்துவிடும். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் காது மடல் சிவந்து ஒளிரும், அதை விட்டுவிடாதீர்கள்.

ஏர்பிரஷ் மோகத்தையும் கொஞ்சம் குறையுங்கள். மூக்கின் நிழல் மூக்கை ஒட்டிய இடத்தில் கூர்மையாகவும், விலக விலக மென்மையாகவும் இருக்க வேண்டும். எல்லா ஓரத்தையும் ஒரேபோல் தேய்த்தால் முகம் ரப்பர் பொம்மைதான்.

நிறம் குழப்பினால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயரில் கறுப்பை நிரப்பி, அதன் பிளெண்ட் மோடை ‘கலர்’ என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அதில் முகமும் முடியும் ஒன்றாகக் கலந்து போனால், கோளாறு நிறத்தில் இல்லை, வெளிச்ச அளவில்.