மலைச்சரிவின் மரங்களும் தீவகத்துச் சோளகமும்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுக் கமக்காரர்களே!

நுவரெலியாவுக்குச் சென்று மீளும் நம்மவர் சிலர், அங்குள்ள கோவாவையும் கரட்டையும் கண்டு வியந்து, விதைப் பொட்டலத்துடன் ஊர் திரும்புகின்றனர். மலையில் 1,000 மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. நம் தீவகத்தினும் அங்கு ஏறத்தாழ 12 பாகை குளிர்ச்சி மிகுதி. அக்குளிரை நாம் பொட்டலத்தில் கொண்டுவர இயலாது. உருளைக்கிழங்கைக்கூட யாழ்ப்பாணத்தார் கார்த்திகை, மார்கழியில் நட்டே விளைவிப்பது இதனாலேயாம்.

எனினும் மலையிலிருந்து நாம் கொண்டுவரத்தக்க பாடம் ஒன்றுண்டு. அது காற்றைப் பற்றியது.

ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்வோர், காற்றை எதிர்நோக்கும் முகட்டு மரங்களை உற்றுநோக்குக. தாழ்நிலத்து ஈரவலயக் காட்டில் மரங்கள் 100 அடிக்கு மேல் வளர்கின்றன. இம்முகட்டிலோ அவை குறுகி, முறுக்கிய கிளைகளுடன், குடை விரித்தாற்போல நிற்கும். இலைகள் சிறியன, தடித்தன, தோல்போன்றன. முன்வரிசை மரம் மிகக் குட்டை. அதன் மறைவில் நிற்பது சற்று உயரம். அதற்கும் பின்னால் நிற்பது இன்னும் உயரம். மேற்பரப்பைக் கத்தரித்துச் சரிவாக விட்டதுபோல் தோன்றும். கத்தரித்தது காற்றே. அச்சரிவின்மேல் காற்று வழுக்கி ஏறிச் செல்ல, உள்ளே பாசியும் பன்னமும் ஈரத்துடன் வாழ்கின்றன. கிளைகளில் தொங்கும் பாசி மூடுபனியைப் பிடித்துத் துளிதுளியாக மண்ணுக்கு இறக்குகின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் தலைநீருக்கு இவ்வுயர்நிலம் ஊற்றாக உள்ளது.

அங்கு செந்நிறப் பூக்கொத்துடன் நிற்கும் ஒரு மரத்தின் இனத்தை நீலகிரியில் காட்டுப்பூவரசு என்பர். நம் வேலிப் பூவரசுக்கு அது பெயரால் மட்டுமே உறவு, குலம் வேறு.

கோப்பித் தோட்டங்களுக்காகச் சரிவுகள் மொட்டையடிக்கப்பட்ட பின்னர், 1873ஆம் ஆண்டில், தாவரவியலறிஞர் யோசேப்பு ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பதை அரசு தடுத்தது. நீருக்கு அஞ்சியே அது செய்யப்பட்டது.

நம் அச்சமும் நீரைப் பற்றியதே. சுண்ணக்கல்லினுள், உவர்நீரின்மேல் மிதக்கும் மழைநீரே நம் கிணற்று நன்னீர். கடல்மட்டத்துக்கு மேல் அது ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே சிறிது குறைந்தாலும் கீழே பெரிதும் குறைந்து, உவர் ஏறிவிடும். சோளகம் வைகாசி முதல் ஆவணி வரை இலையை உலர்த்துவதால் பயிர் மிகுந்த நீர் கேட்கின்றது. நாமும் மிகுதியாக இறைக்கின்றோம். காற்றைத் தணித்தால் இறைப்புக் குறையும். வேலி கிணற்றையும் காக்கின்றது என்று நான் கூறுவது இதனாலேயாம்.

நெடுந்தீவின் கல்வேலி ஆடுமாட்டைத் தடுப்பதற்கு மிக நன்று. ஆனால் இடைவெளியின்றி அடைத்த மதிலை மட்டும் நம்பலாகாது. அதில் மோதிய காற்று மேலேறி, மறுபுறம் சுழன்று விழுந்து பயிரை அலைக்கும். பாதியளவு காற்றை ஊடுருவவிடும் பச்சை வேலி, வேகத்தை உடைத்துத் தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரம் வரை பயன் தரும். ஆறடி வேலிக்கு அறுபது அடித் தோட்டம் என்று கொள்க.

கடற்புறத் தோட்டத்துக்கு மலைமுகட்டின் ஒழுங்கையே பின்பற்றுக. முன்னே தாழை, அதன்பின் பூவரசு. இவையிரண்டும் உப்புக் காற்றைத் தாங்குவன. உள்வரிசையில் கிளுவை, சீமைக்கிளுவைக் கதியால்களை ஐப்பசி, கார்த்திகை மழையுடன் நடுக. அடியில் இடைவெளி விழுந்தால் காற்று அவ்வழியே விரைந்து பாயும். அவ்விடத்தை ஆடாதோடையால் நிரப்புக. ஆடு தொடாதது என்று பெயரே சொல்கின்றதன்றோ!

இனி, உங்களில் பலர் மறுத்துரைக்கும் ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். ஆனி, ஆடியில் புல் கருகியதும், ஆட்டுக்கெனத் தென்மேற்கு வேலியின் குழையை வெட்டி மொட்டையாக்குகின்றோம். காவல் மிக வேண்டிய மாதத்தில் காவலை நீக்குவதாகும் இது. ஆட்டைப் பட்டினியிடுமாறு நான் கூறவில்லை. வடக்கு, கிழக்கு வேலிகளை முதலில் வெட்டுக. அவை போதாவிடின், தென்மேற்கு வேலியில் ஒன்றுவிட்டொரு கதியாலின் தலையை மட்டும் வெட்டி, பக்கக் கிளைகளை விடுக. தோட்டத்துக்குத் தாழ்க்கும் குழையையும், சோளகம் அடங்கிய பின்னரே அப்பக்கத்தில் எடுக்க.

வேலி போதுமா என அறிய, பாத்தியின் நடுவே பயிர் உயரத்தில் ஒரு தடியில் துணிக்கீற்றைக் கட்டுக. அதுபோன்ற மற்றொன்றை வேலிக்கு வெளியே கட்டுக. சோளகம் வீசும் பிற்பகலில் இரண்டும் ஒரேவிதமாகப் படபடத்தால், வேலியில் எங்கோ வாயில் திறந்துள்ளது. சென்று பார்த்து அடைக்க.