எல்-2 தீர்ந்தது தெரியாமல் இருந்துவிட்டால்: விண்ணப்பமா, விமானமா?

அமெரிக்காவில் ஐடி வேலை பார்க்கும் நம் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இது. கணவர் எல்-1ல் வந்தவர். குலுக்கலில் எச்-1பி விழுந்து, அக்டோபர் 1 அன்று அதற்கு மாறிவிடுகிறார். கம்பெனி வக்கீல் அவருடைய தாள்களை மட்டும் பார்த்துக்கொள்கிறார். மனைவி, பிள்ளைகளின் எல்-2 அவருடைய எல்-1ஐ ஒட்டியே நிற்பது. அது போன அன்றே இதுவும் போயிற்று. எச்-4க்கு மாற ஐ-539 படிவம் தனியாகப் போட்டிருக்க வேண்டும். மனைவியின் ஐ-94ல் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. (மனைவி எல்-1, கணவர் எல்-2 என்றாலும் கதை இதேதான்.)

இதைச் சரிசெய்யும் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன், எல்-2 துணைவர் வேலைக்குப் போகிறவர் என்றால் தெரிந்த அன்றே வேலையை நிறுத்த வேண்டும். 2022 முதல் அவர்களுக்கு ஐ-94லேயே எல்-2எஸ் என்று குறித்து வேலை அனுமதி தருகிறார்கள். எச்ஆர் கண்ணுக்கு அந்தத் தாள் இன்னும் செல்லும். சட்டப்படி செல்லாது. எச்-4க்கு மாறிய பின்னும், எச்-1பியில் இருப்பவரின் ஐ-140 அங்கீகாரம் போன்ற தகுதி இருந்து இஏடி கையில் வந்தால்தான் மறுபடி வேலை.

முதல் வழி, நாட்டுக்குள் இருந்தபடியே தாமதமாக ஐ-539 போடுவது. வக்கீல்கள் இதை ‘நன்க் ப்ரோ டங்க்’ என்பார்கள். ஒப்புக்கொண்டால் இடைவெளி முன்தேதியிட்டு அடைபடும். ஆனால் தாமதத்துக்குக் கைமீறிய, அசாதாரணமான காரணம் வேண்டும். மருத்துவமனையில் கிடந்ததற்குத் தாள் இருந்தால் பேசலாம். ‘தெரியாது’ என்பது எடுபடாது. இடைவெளியில் வேலை பார்த்திருந்தால் வழி இன்னும் குறுகும். நிராகரித்தால் மேல்முறையீடு கிடையாது. காத்திருக்கும் மாதங்களில் நாட்டை விட்டுக் கிளம்பினால் நிலை மாற்றக் கோரிக்கையைக் கைவிட்டதாகக் கொள்வார்கள்.

இரண்டாவது, ஊருக்கு வந்து சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எச்-4 ஸ்டாம்பிங் முடித்துத் திரும்புவது. புது நுழைவு, புது ஐ-94; நிலை அன்றிலிருந்து சுத்தம். கணவர் கூட வர வேண்டியதில்லை; அவருடைய ஐ-797, சம்பளச் சீட்டு, திருமணச் சான்றிதழ் போதும். இடைஞ்சல் இப்போது தேதியில்தான். 2025 செப்டம்பர் முதல் எச்-4க்கு டிராப்பாக்ஸ் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கும் பொதுவாக நேர்காணல் உண்டு. டிசம்பர் 15 முதல் சமூக ஊடகச் சோதனையும் சேர்ந்ததில் பலருடைய நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. டிஎஸ்-160ல் விசா விதியை மீறியதுண்டா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதி இரண்டு வரியில் விளக்குங்கள். மறைத்து மாட்டினால், அந்தப் பொய் பழைய இடைவெளியைவிடப் பெரிய வினை.

எது உங்களுக்கு என்பதை ஐ-94 தேதிதான் முடிவு செய்யும். அது இன்னும் உயிரோடிருந்தால், நிலை போயிருந்தாலும் ‘சட்டவிரோதத் தங்கல்’ கணக்கு பொதுவாக ஓடத் தொடங்கியிருக்காது. தேதி தாண்டிவிட்டால் 18 வயதானவர்களுக்கு ஓடும். 180 நாளைத் தாண்டிய பின் வெளியேறினால் மூன்று வருடத் தடை. ஒரு வருடம் ஆகிவிட்டால் பத்து வருடம். தாமதமாகப் போட்ட ஐ-539 இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. தேதி தாண்டி மூன்று மாதம் ஆன ஒருவர் விண்ணப்பித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால், பதில் வருவதற்குள் 180 தாண்டிவிடக்கூடும்.

அதனால் ஐ-94 உயிரோடிருந்தாலோ, தாண்டிச் சில வாரமே ஆகியிருந்தாலோ, நான் விமானம்தான் ஏறச் சொல்வேன். பிரசவம், சிகிச்சை என்று பறக்க முடியாதவர்களுக்கு முதல் வழி. அந்தக் காரணமே விண்ணப்பத்துக்கு வலுவாகவும் அமையலாம். 180 தாண்டியவர் டிக்கெட் போடும் முன் குடியேற்ற வக்கீலைப் பார்க்க வேண்டும், அதுவும் கம்பெனி வக்கீலை அல்ல, தனக்கென ஒருவரை.

மூன்றாவதாக 245(கே) என்றொரு பிரிவும் உண்டு. வேலைவழி கிரீன் கார்டின் கடைசிப் படியில் 180 நாள் வரையிலான பிசகை மன்னிக்கும். இந்தியர்களுக்கான வரிசை நீளத்தைப் பார்த்தால், முன்னுரிமைத் தேதி கைக்கு எட்டியவர்களுக்கு மட்டுமே இது உதவும்.

ஸ்டாம்பிங்குக்குப் போகும் முன் பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் பாருங்கள். கணவரின் எச்-1பி முடியும் முன்பே அது தீர்வதாக இருந்தால், விமான நிலைய அதிகாரி ஐ-94ல் பாஸ்போர்ட் தேதியையே போட்டுவிடக்கூடும்.