பத்து நாள் முகாமும் பள்ளி நாள்களும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உடல்நலம் மற்றும் நோய்கள்' பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கொற்கைக்கு அருகிலுள்ள சிறிய பள்ளி எங்களுடையது. உடல் நிறைக் குறியீட்டெண் கணக்கிடும் முறையைக் கரும்பலகையில் எழுதினேன். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இந்தியர்களில் பெரியவர்களுக்கு 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல் பருமன் என்றும் எழுதினேன்.

முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், உங்களுக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டாள். அவள் குரலில் கேலி இல்லை. மறைக்க எனக்கும் மனம் வரவில்லை. உயரம் 158 செ.மீ., எடை 82 கிலோ என்று எழுதினேன். மாணவர்களே வகுத்தார்கள். விடை 32.8. வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது.

இது என் ஒருத்தியின் கணக்கு மட்டுமல்ல. 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100க்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அதிக எடையோ உடல் பருமனோ உடையவர்கள். 2015-16 ஆய்வில் இந்த எண்ணிக்கை 31, 28 என இருந்தது. உப்பளத்திலும் வயலிலும் கடலிலும் உழைத்த முந்தைய தலைமுறையின் சோற்றுத் தட்டு இன்றும் நம் வீட்டில் இருக்கிறது. அதைக் கரைத்த உழைப்புதான் குறைந்துவிட்டது.

முகாமுக்குச் சென்றேன்

அந்தக் கோடை விடுமுறையில் வெளிமாவட்டத்தில் நடந்த, பத்து நாள் தங்கி எடை குறைக்கும் தனியார் முகாம் ஒன்றில் சேர்ந்தேன். தங்கிப் பயிலும் நலவாழ்வு முறை நம் நாட்டுக்குப் புதிதல்ல. காந்தியடிகள் 1946இல் புனேக்கு அருகிலுள்ள உருளி காஞ்சன் கிராமத்தில் இயற்கை மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையுடன் இயங்குகிறது. முறையாக மருத்துவர் மேற்பார்வையில் நடக்கும் இடங்களில் நல்ல பயன் உண்டு.

எனக்கு ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சேரும் படிவத்தில் அதை எழுதினேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் என் மருத்துவரிடம் முகாமுக்குச் செல்வதைச் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் காய்கறி, பழம். மூன்றாம் நாள் சாறு மட்டும். வழக்கம்போல் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு நடைப்பயிற்சியின்போது உடல் வியர்த்தது, கை நடுங்கியது, கண் இருண்டது. பக்கத்து அறைத் தோழி ஓய்வு பெற்ற செவிலியர். தன் கருவியால் சோதித்தார். இரத்தச் சர்க்கரை 58. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை நிலை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதித்த பின்புதான் அவர் முகம் தெளிந்தது. "டீச்சர், தனியா ரூம்ல இருந்திருந்தீங்கன்னா என்ன ஆகியிருக்கும்?" என்று அவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

எங்கே தவறினேன்?

சர்க்கரைக்கான மாத்திரைகள் எல்லாம் ஒரே விதமாகச் செயல்படுபவை அல்ல. நான் எடுத்தது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. உணவு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். உணவைப் பாதியாக்கி, நடையை இரட்டிப்பாக்கி, மாத்திரையை மட்டும் அப்படியே வைத்தால் சர்க்கரை வீழ்வது இயல்பே. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் வகை மாத்திரை எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடும் அபாயம் உண்டு. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு, உணவும் உப்பும் திடீரென்று குறையும்போது எழுந்து நின்றால் தலைசுற்றல் வரலாம். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவதும் தவறு. அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவர் மட்டுமே.

எனவே, இத்தகைய முகாமில் சேர நினைக்கும் ஆசிரியர்கள் செய்ய வேண்டியவை:

1. சேருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைச் சந்தித்து, முகாமின் உணவு அட்டவணையைக் காட்டி, மருந்தின் அளவைக் கேட்டு எழுதி வாங்குதல்.
2. இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பரிசோதித்தல். வயதுக்கும் நோய்க்கும் ஏற்ப இதயப் பரிசோதனையும் தேவைப்படலாம்.
3. முகாமில் தகுதி பெற்ற மருத்துவர் தங்கியிருக்கிறாரா, இரவில் உடல்நலம் குன்றினால் எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்கள் என்று கேட்டறிதல்.
4. "பத்து நாளில் பத்து கிலோ" என்று உறுதி தரும் இடங்களைத் தவிர்த்தல். மிக விரைவாக எடை குறைந்தால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடும், தசையும் கரையும்.

குறைந்தது கொழுப்பா, நீரா?

பத்தாம் நாள் எடை 78. நான்கு கிலோ குறைந்ததில் மகிழ்ச்சிதான். அதற்குப் பின்னால் உள்ள அறிவியலைப் பிறகுதான் படித்தேன். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். உணவு குறைந்த முதல் சில நாள்களில் கரைவது பெரும்பாலும் இதுவே. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அந்த நீரும் திரும்பும். ஜூன் மாதம் முடிவதற்குள் எனக்கு இரண்டரை கிலோ ஏறியது. முதலில் மனம் உடைந்தது. பிறகு புரிந்தது: முகாம் ஒரு தொடக்கம், அவ்வளவே. மற்றது பள்ளியிலும் வீட்டிலும் கழியும் நாள்களில்தான் இருக்கிறது.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைத்து, வாரம் 150 நிமிடம் நடப்பதை இலக்காகக் கொண்ட குழுவில், நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. 82 கிலோ எடையுள்ள எனக்கு 7 விழுக்காடு என்பது ஆறு கிலோவுக்கும் குறைவு. சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய ஆய்வில், வாழ்க்கை முறை மாற்றத்தால் நோய் வருவது ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எடை அசையாவிட்டாலும் நடையும் உணவும் உள்ளே வேலை செய்கின்றன.

பள்ளி நாளில் நான் மாற்றியவை சிலவே. ஆசிரியர் அறையில் நான்கு முறை குடித்த சர்க்கரைத் தேநீர் ஒருமுறையாகி, அதுவும் சர்க்கரையின்றி ஆனது. கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்று உடன்குடிப் பக்கத்துக்காரர்கள் நாங்கள் சொல்வதுண்டு; சர்க்கரை நோயாளிக்கு அதுவும் சர்க்கரைதான். பிறந்தநாளுக்கு வரும் தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெண்கரு, முந்திரி, சர்க்கரை சேர்ந்தது. ஒன்றே ஒன்று போதும். இரவு பொரிச்ச பரோட்டா மாதம் ஒருமுறை. சாளை மீன் பொரிப்பதற்குப் பதில் குழம்பாக. மாலை விடைத்தாளை எடுப்பதற்கு முன் முப்பது நிமிட நடை. பதினான்கு மாதத்தில் எடை 75. மாத்திரையின் அளவை மருத்துவர் குறைத்திருக்கிறார்.

வகுப்பறைக்கு

இப்பாடத்தை நடத்தும்போது மாணவர்களின் எடையை வகுப்பின் முன் அளக்கவோ அறிவிக்கவோ வேண்டாம். பெரியவர்களுக்கான 23, 25 என்ற எல்லைகள் குழந்தைகளுக்குப் பொருந்தா. அவர்களுக்கு வயதும் பாலினமும் சார்ந்த வளர்ச்சி அட்டவணை உண்டு. "குண்டு", "ஒல்லி" என்ற பட்டப்பெயர்கள் வகுப்பில் ஒலித்தால் அன்றே நிறுத்த வேண்டும். அப்படி அழைக்கப்பட்ட பிள்ளை மதிய உணவைத் தவிர்க்கத் தொடங்கினால் நாம் கவனிக்காமல் இருக்கக் கூடாது.

செயல்பாடு: கற்பனையான ஐந்து பெரியவர்களின் உயரம், எடையைக் கொடுத்துக் குழுவாகக் கணக்கிடச் செய்யலாம். பிறகு பிஸ்கட், குளிர்பான உறைகளைக் கொண்டுவந்து, அவற்றிலுள்ள சர்க்கரையைக் கிராமில் படித்து, தேக்கரண்டியாக மாற்றச் சொல்லலாம். வீட்டில் மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டிக்குத் தாழ்சர்க்கரையின் அறிகுறிகளையும் உடனடி முதலுதவியையும் விளக்கும் சிறு அட்டை தயாரிப்பது நல்ல வீட்டுப்பாடம்.

கொற்கையில் நின்று பார்த்தால் இன்று கடல் தெரியாது. பாண்டியரின் துறைமுகத்தை விட்டுக் கடல் ஒரே நாளில் விலகவில்லை. தாமிரபரணியின் வண்டல் பல நூற்றாண்டு படிந்தது. உடலில் படிந்ததும் பல ஆண்டுப் படிவுதான். அதைப் பத்து நாளில் கரைக்கப் போய் உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம். மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவோம். தொடங்கியதை விடாமல் நடத்துவோம்.